கோடையில் ஒரு தோட்டக் குளம்

சித்திரை மாதம். காலை பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. செடிகள் தலை கவிழ்ந்து நிற்கின்றன. ஆனால் தோட்டத்தின் ஒரு மூலையில் மட்டும் ஓயாத நடமாட்டம். அங்கே ஒரு சிறு குளம் இருக்கிறது. எட்டு அடி நீளம், ஐந்து அடி அகலம், நடுவில் இரண்டு அடி ஆழம், அவ்வளவுதான். ஓர் அல்லிக் கொடி, கொஞ்சம் வேலம்பாசி, கரையில் நாலைந்து கோரைப் புற்கள். சுற்று வட்டாரத்துப் பூச்சிகளும் பறவைகளும் அதைத் தேடி வருகின்றன.

இப்படி ஒரு குளம் அமைக்கலாம் என்று சொன்னவுடன் பெரும்பாலான வீடுகளில் எழும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டருகே தண்ணீர் தேங்கினால் கொசு வருமே?" நியாயமான கேள்விதான். மலேரியா, டெங்கு, யானைக்கால் ஆகிய நோய்களைப் பரப்புவது கொசு. அதனால்தான் பல வீடுகளில் பழைய தொட்டிகளை மூடிவிட்டார்கள். மூடாதவற்றில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். இது சரியான வழியா? இதற்கு விடை காணச் சிறந்த இடம் குளக்கரையே. கோடையில் ஒரு நாள் காலை முதல் இரவு வரை அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

விடியற்காலை: மூச்சுத் திணறும் நேரம்

பொழுது புலரும் நேரத்தில் குளக்கரைக்குச் சென்றால், மீன்கள் நீரின் மேற்பரப்பில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைச் சில நாட்களில் காணலாம். அவை இரை தேடவில்லை. மூச்சுக் காற்றுக்குத் தவிக்கின்றன.

நீரில் கரைந்துள்ள பிராணவாயுவையே மீன்கள் செவுள்களின் மூலம் பெறுகின்றன. நீர் சூடாக ஆக, அதில் கரையக்கூடிய பிராணவாயுவின் அளவு குறைகிறது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் இது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடுகிறது. பகலில் நீர்த்தாவரங்கள் ஒளிச்சேர்க்கையால் பிராணவாயுவை வெளியிட்டு இந்தக் குறையை ஈடு செய்கின்றன. நல்ல வெயிலில் வேலம்பாசியின் இலைகளில் சிறு குமிழிகள் முத்து முத்தாக ஒட்டியிருப்பது இதனால்தான். இரவிலோ ஒளிச்சேர்க்கை நின்றுவிடுகிறது. செடி, மீன், பூச்சி, அடியில் மக்கும் இலையைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஆகிய எல்லாமே இருக்கும் பிராணவாயுவைச் செலவழிக்கின்றன. எனவே விடியும் நேரத்தில்தான் கையிருப்பு மிகவும் குறைவாக இருக்கும். குளத்தில் உதிர்ந்த சருகுகளை அவ்வப்போது அகற்றவேண்டும் என்று சொல்வது அழகுக்காக அல்ல, மீன்களின் மூச்சுக்காக.

இதே நேரத்தில் கோரைத் தண்டுகளையும் கவனியுங்கள். தண்டைப் பற்றியபடி பழுப்பு நிறத்தில் ஒரு வெற்றுத் தோல், முதுகில் பிளவுடன் ஒட்டிக்கொண்டிருக்கும். அது தட்டான் விட்டுச் சென்ற பழைய சட்டை. தட்டான் தன் இளமைக் காலத்தை நீருக்குள்தான் கழிக்கிறது. இறக்கையற்ற அந்த இளம் பருவத்தை 'நிம்ஃப்' என்பார்கள். வளர்ச்சி முடிந்ததும் அது இரவிலோ விடியற்காலையிலோ தண்டில் ஏறி, தோலைக் கிழித்துக்கொண்டு, இறக்கையுள்ள தட்டானாக வெளிவருகிறது. புதிதாக வந்த தட்டானின் இறக்கைகள் முதலில் கசங்கிய காகிதம்போல் இருக்கும். உடல் திரவம் நரம்புகளில் பாய்ந்ததும் அவை விரிந்து விறைப்பாகின்றன. அந்த ஒரு மணி நேரம் அதைத் தொடாமல் தள்ளி நின்று பார்க்கவேண்டும்.

முற்பகல்: நீரின் மேலும் கீழும்

வெயில் ஏறியதும் நீர்ப்பரப்பில் ஒல்லியான நீண்ட கால்களையுடைய பூச்சிகள் வழுக்கி ஓடுவதைக் காணலாம். இவை மூழ்குவதில்லை, கால்கூட நனைவதில்லை. நீரின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதால், அது ஒரு மெல்லிய, விறைப்பான தோல்போல் நடந்துகொள்கிறது. இதைப் பரப்பு இழுவிசை என்கிறோம். இந்தப் பூச்சியின் கால்களிலுள்ள நுண்ணிய மயிர்கள் நீர் ஒட்டாதவை. எனவே அதன் எடையை நீர்த்தோல் தாங்கிக்கொள்கிறது. நடுக்கால்கள் துடுப்பு வேலையைச் செய்கின்றன. பின்கால்கள் திசை திருப்ப உதவுகின்றன. குட்டையான முன்கால்கள் இரையைப் பிடிப்பதற்கு. நீரில் ஓர் எறும்பு விழுந்து துடித்தால், அந்தச் சிற்றலையை உணர்ந்து உடனே பாய்ந்து வருகிறது.

நீருக்குள் இன்னொரு பூச்சி மல்லாந்து நீந்துகிறது. அதன் முதுகு வெளிர் நிறம், வயிறு கறுப்பு. பொதுவாக மீன்களுக்கு முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருக்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு இருண்ட அடிநீரும், கீழிருந்து பார்ப்பவருக்கு ஒளிரும் வானமும் பின்னணியாக அமைவதால் இந்த ஏற்பாடு. இப்பூச்சியோ எப்போதும் தலைகீழாக இருப்பதால் நிறமும் தலைகீழாகிவிட்டது! கொசுப்புழுக்கள் இதற்கு மிகவும் விருப்பமான உணவு. கையில் பிடித்தால் நறுக்கென்று குத்தும். ஆகவே கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தட்டையான பழுப்பு நிறப் பூச்சி ஒன்று முதுகு நிறைய முட்டைகளை அடுக்கிக்கொண்டு நீந்துவதையும் காணலாம். பார்ப்பவர்கள் அதைத் தாய் என்றே நினைப்பார்கள். உண்மையில் அது தந்தை. பெண் பூச்சி முட்டைகளை ஆணின் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறது. குஞ்சுகள் பொரியும் வரை ஆண்தான் அவற்றைச் சுமந்து, நீர்ப்பரப்புக்குக் கொண்டுவந்து காற்றுப் படச் செய்கிறது.

இந்தப் பூச்சிகளை யாரும் கொண்டுவந்து விடவில்லை. நீர்ப்பூச்சிகள் பலவற்றுக்கு இறக்கை உண்டு. ஒரு குட்டை வற்றினால் அவை பறந்து அடுத்த நீர்நிலையைத் தேடிப் போகின்றன. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரு குறிப்பிட்ட தளத்தில் அதிர்கிறது. நம் கண்ணால் இதைப் பிரித்தறிய முடிவதில்லை. அவற்றின் கண்களால் முடிகிறது. இதுவே வழிகாட்டியாகிறது. கோடையில் ஏரியும் குட்டையும் வற்றும்போது உங்கள் தோட்டக் குளம் அவற்றுக்கு ஓர் அடைக்கல இடமாகிவிடுகிறது.

கொசுவின் கணக்கு

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். கொசுவும் நீரில்தான் பிறக்கிறது. முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்பவை அதன் நான்கு பருவங்கள். கோடை வெப்பத்தில் முட்டையிலிருந்து கொசுவாக வெளிவர ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். கியூலெக்ஸ் கொசுவின் புழு தலை கீழாகத் தொங்கி, வால்பக்கமுள்ள குழாயை நீர்ப்பரப்பில் நீட்டிக் காற்றைச் சுவாசிக்கிறது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசுவின் புழுவுக்கு இந்த நீண்ட குழாய் இல்லை. அது நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் கண்டறிந்தார். 1902இல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அன்று முதல் தேங்கும் நீரைக் கண்டால் நாம் அஞ்சுகிறோம்.

ஆனால் எல்லாத் தேங்கும் நீரும் ஒன்றல்ல. தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டியின் அடித்தட்டு, மூடாத வாளி ஆகியவற்றில் கொசுப்புழுவுக்கு எதிரி யாரும் இல்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு விரும்பித் தேடுவது இத்தகைய சிறு கலங்களையே. அது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் முட்டையிடும். நீர் வற்றினாலும் அந்த முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எனவே இக்கலங்களை வாரம் ஒரு முறை கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும். மேல்நிலைத் தொட்டியையும் கிணற்றையும் வலையால் மூடவேண்டும். நகரங்களில் மலேரியாக் கொசு அங்கேதான் பெருகுகிறது.

உயிர்கள் நிறைந்த குளத்தின் கதை வேறு. தட்டானின் நிம்ஃப் அடியில் சேற்று நிறத்தில் அசையாமல் கிடக்கும். அதன் கீழுதடு மடக்கி வைத்த கைபோல் முகத்தின் கீழ் இருக்கிறது. புழு அருகில் வந்ததும் அந்த உதடு மின்னல் வேகத்தில் நீண்டு, நுனியிலுள்ள கொக்கிகளால் பிடித்து வாய்க்குள் தள்ளுகிறது. மல்லாந்து நீந்தும் பூச்சி ஒரு பக்கம், நீர்வண்டுகள் ஒரு பக்கம், சிறு மீன்கள் ஒரு பக்கம் என எல்லாம் சேர்ந்து புழுக்களை வேட்டையாடுகின்றன. தப்பிப் பறக்கும் கொசுவை நீருக்கு மேலே தட்டான் பிடிக்கிறது.

இங்கே மண்ணெண்ணெய் ஊற்றினால் என்ன ஆகும்? எண்ணெய்ப் படலம் கொசுப்புழுவின் சுவாசக் குழாயை அடைத்துவிடும், புழு சாகும். ஆனால் மல்லாந்து நீந்தும் பூச்சியும், நீர்வண்டும், முட்டை சுமக்கும் தந்தையும் மேற்பரப்பிலிருந்தே காற்றை எடுக்கின்றன. அவையும் சாகும். நீர்மேல் ஓடும் பூச்சி மூழ்கிவிடும். சில நாட்களில் எண்ணெய் ஆவியாகிவிடும். அப்போது முதலில் திரும்பி வருவது யார்? ஒரு வாரத்தில் ஒரு தலைமுறையை முடித்துவிடும் கொசுதான். தட்டானின் நிம்ஃப் வளர்வதற்குப் பல வாரங்கள், சில இனங்களில் பல மாதங்கள் தேவை. காவலர்கள் இல்லாத குளத்தில் கொசுவுக்குத் தடையே கிடையாது. கொசுவை ஒழிக்கச் செய்த வேலை, அடுத்த முறை அது பெருகுவதற்கு வழி செய்துவிடுகிறது. குளத்தை அடிக்கடி முழுவதும் இறைத்துக் கழுவினாலும் இதே விளைவுதான்.

நண்பகல்: தாகம் தீர்க்க வருபவர்கள்

உச்சி வெயிலில் கோரை நுனியில் அமர்ந்திருக்கும் தட்டானைப் பாருங்கள். சில தட்டான்கள் வாலைச் சூரியனை நோக்கிச் செங்குத்தாக உயர்த்தி, தலைகீழாக நிற்பதுபோல் இருக்கும். இது வித்தை காட்டுவதற்கல்ல. வெயில் படும் உடற்பரப்பைக் குறைத்துக்கொண்டு சூட்டைத் தணிக்கும் உபாயம் இது. காலையில் இதே தட்டான் உடலைக் கிடையாக வைத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது!

அல்லி இலைமேல் தேனீக்கள் வரிசையாக இறங்கி நீர் உறிஞ்சுகின்றன. இந்த நீர் குடிப்பதற்கு மட்டுமன்று. கூட்டுக்குள் சிறு துளிகளாகப் பரப்பி, இறக்கைகளால் விசிறி ஆவியாக்கினால் கூடு குளிர்கிறது. குஞ்சுகள் வளரும் அடைகளை வெளியில் எவ்வளவு வெயில் அடித்தாலும் 35 டிகிரிக்கு அருகிலேயே வைத்துக்கொள்ள அவை இப்படிப் பாடுபடுகின்றன. கரையோரச் சேற்றை உருட்டி எடுத்துச் செல்லும் குளவி அதைக் கொண்டு கூடு கட்டுகிறது. ஈர மண்ணில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் பட்டாம்பூச்சிகளில் பெரும்பாலானவை ஆண்கள்; தேனில் கிடைக்காத உப்புச் சத்துகளை அவை மண்ணிலிருந்து உறிஞ்சுகின்றன.

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. காகமும் மைனாவும் அலகைத் திறந்துகொண்டு இரைப்பதைக் கோடையில் பார்த்திருப்பீர்கள். வாயிலும் தொண்டையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது உடற்சூடு தணிகிறது. இதனால் இழந்த நீரை ஈடு செய்யக் குளம் தேவை. தவிட்டுக் குருவிகள் கூட்டமாக வந்து முறை வைத்துக் குளிக்கும். கொண்டைக்குருவி தனியே வந்து அவசரமாக முழுக்குப் போட்டுவிட்டுப் பறக்கும். பக்கத்துக் கிளையில் மீன்கொத்தி காத்திருக்கும். வெண்தொண்டை மீன்கொத்தி பெயருக்குத்தான் மீன்கொத்தி, வெட்டுக்கிளி, ஓணான் எல்லாமே அதற்கு உணவு. மடையான் எனப்படும் குருட்டுக்கொக்கு கரையில் மண் நிறத்தில் கல்போல் நிற்கும். அருகே சென்றால் திடீரென்று வெண்சிறகுகளை விரித்துப் பறந்து நம்மைத் திடுக்கிட வைக்கும்.

மாலையும் இரவும்

பொழுது சாய்ந்ததும் வௌவால்கள் பறந்தபடியே நீரைத் தொட்டுக் குடித்துச் செல்கின்றன. தவளைகள் கண்ணை மட்டும் நீருக்கு மேலே வைத்து மிதக்கின்றன. தவளை வாயால் நீர் குடிப்பதில்லை; தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் அன்றிரவு அவற்றின் கச்சேரியைக் கேட்கவேண்டுமே! மறுநாள் காலையில் செடிகளைச் சுற்றி மணி கோத்த நூல்போல் இருப்பவை தேரையின் முட்டைகள்.

பூச்சிகளைத் தின்று வயலைக் காத்த தவளைகளை நம் நாடு ஒரு காலத்தில் பெருமளவில் பிடித்து, அவற்றின் கால்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிவந்தது. 1987இல் இந்த ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. ஆயினும் குட்டைகள் தூர்ந்துபோனால் தடை மட்டும் தவளையைக் காப்பாற்றாது. அது முட்டையிட ஒரு துண்டு நீர் வேண்டும்.

எந்த மீனை விடுவது?

கொசுப்புழுவைத் தின்பதற்காகவே கம்பூசியா என்ற அமெரிக்க மீனை 1928இல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அது புழுவைத் தின்பது உண்மை. ஆனால் தவளையின் தலைப்பிரட்டைகளையும், மற்ற மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் அது விட்டுவைப்பதில்லை. பெருமழையில் குளம் வழிந்தால் ஓடைக்கும் ஏரிக்கும் போய்ச் சேர்ந்துவிடும்; பிறகு அதை மீட்க முடியாது. நம் ஓடைகளிலேயே நெற்றியில் வெண்புள்ளி மின்னும் சிறு மீன் ஒன்று உண்டு. நீர்ப்பரப்பை ஒட்டியே திரிந்து கொசுப்புழுவைத் தின்பது அதன் வழக்கம். அதில் நாலைந்து போதும். மீன் அதிகமானால் தலைப்பிரட்டைகளும் நிம்ஃபுகளும் மிஞ்சாது.

அமைப்பதும் பராமரிப்பதும்

நாளில் நாலைந்து மணி நேரமாவது வெயில் படும் இடமாகப் பாருங்கள். பெரிய மரத்தின் நேர் அடியில் வேண்டாம். ஒரு பக்கக் கரையைச் சரிவாக அமைப்பது முக்கியம். தவறி விழுந்த அணிலும் கரையேறும் தவளைக் குஞ்சும் அதன் வழியேதான் வெளியே வரும். நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் இலைகள் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகாயத்தாமரையைச் சேர்க்கவே கூடாது. அது சில வாரங்களில் குளத்தை மூடி, ஒளியைத் தடுத்துவிடும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் சுற்றிலும் வேலி கட்டாயம் வேண்டும். இரண்டடி நீரும் குழந்தைக்கு ஆபத்தே.

கோடையில் நாளொன்றுக்கு 7 மில்லிமீட்டர் நீர் ஆவியாவதாகக் கொண்டால், நாம் சொன்ன அளவுள்ள குளத்திலிருந்து தினமும் சுமார் 25 லிட்டர், அதாவது இரண்டு குடம் நீர் போய்விடும். அரிசி, காய்கறி கழுவிய நீரை இதில் ஊற்றாதீர்கள். அது செடிக்கு ஆகும், குளத்தில் அழுகும். கிணற்று நீர் நல்லது. குளோரின் கலந்த குழாய் நீரானால் ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்து பிறகு ஊற்றுங்கள். இரண்டு குடம் நீர் கோடையில் சிறிய செலவல்ல என்பது உண்மைதான். தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள இடங்களில் குளத்தைப் பாதியளவில் அமைக்கலாம். ஆவியாகும் நீரும் பாதியாகும்.

மாணவர்களுக்கு ஒரு சோதனை

இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் குளத்து நீரை நிரப்புங்கள். ஒவ்வொன்றிலும் 20 கொசுப்புழுக்களை விடுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு தட்டான் நிம்ஃபையும் ஒரு குச்சியையும் போடுங்கள். இரண்டின் வாயையும் மெல்லிய துணியால் இறுகக் கட்டி நிழலில் வையுங்கள். காலையும் மாலையும் புழுக்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் சோதனையை முடித்து, நிம்ஃபைக் குளத்திலேயே விட்டுவிட்டு, மிச்சமுள்ள புழுக்களை நீரோடு வெயில் படும் காய்ந்த மண்ணில் கொட்டிவிடுங்கள். இரண்டு புட்டிகளின் எண்ணிக்கையையும் அருகருகே எழுதி, கொசுவைப் பற்றிக் கவலைப்படும் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள்.

புதிதாக வெட்டிய குளத்தில் முதல் சில வாரங்கள் கொசுப்புழுக்கள் தென்படத்தான் செய்யும். காவலர்கள் வந்து சேரும்வரை தேநீர் வடிகட்டி ஒன்றால் அவற்றை அரித்து எடுத்துவிடுங்கள். எண்ணெய்ப் புட்டியை மட்டும் தொடாதீர்கள். ஒருநாள் காலையில் கோரைத் தண்டில் தட்டானின் வெற்றுச் சட்டை தொங்கும். அன்று முதல் வடிகட்டிக்கு வேலை குறையும். கரையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை மட்டும் மிஞ்சும்.